சந்தா செயலியும் மின்னஞ்சல் தளமும்: இணைப்பு பற்றிய கேள்வி பதில்

சந்தா செயலியை மின்னஞ்சல் சந்தைப்படுத்தல் தளத்துடன் இணைப்பது பற்றிய கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் இணையக் கடை ஷாப்பிஃபையில் இயங்குகிறது. சந்தாவுக்கு ரீசார்ஜ் செயலி, மின்னஞ்சலுக்குக் கிளாவியோ. இணைப்பை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இவை இரண்டுக்கும் நேரடி இணைப்பு உண்டு. கிளாவியோவில் ஒரு தனி ஏபிஐ கீயை (ஒரு மென்பொருள் மற்றொன்றின் தரவை அணுக உதவும் இரகசியச் சாவி) உருவாக்கி, தேவையான அனுமதிகளை மட்டும் அளித்து, ரீசார்ஜின் இணைப்புப் பக்கத்தில் இட்டால் போதும். அந்தக் கீயை வலைப்பக்க நிரலில் ஒருபோதும் வைக்காதீர்கள். அங்கு வைக்கத் தக்கது யாரும் பார்க்கக்கூடிய பொதுக் கீ மட்டுமே.

இணைப்பதற்கு முன், தாமாகவே மடல் அனுப்பும் தானியங்கித் தொடர்கள் அனைத்தையும் நிறுத்தி வையுங்கள். முதல் ஒத்திசைவில் (செயலியின் தரவு மின்னஞ்சல் தளத்துக்குப் படியெடுக்கப்படும்போது) பழைய வாடிக்கையாளர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் தளத்துக்குள் வருவார்கள். அவர்கள் பட்டியலில் சேர்வதையே தொடக்கமாகக் கொண்ட வரவேற்புத் தொடர் இயங்கிக்கொண்டிருந்தால், பல ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஒருவருக்கு ‘உங்கள் முதல் பெட்டி தயாராகிறது’ என்று மடல் போகும். போன மடலைத் திரும்பப் பெற வழியில்லை.

கேள்வி: சந்தா நிலையை வாடிக்கையாளர் பதிவின் ஒரு புலமாக (தகவல் கட்டமாக) அனுப்புகிறோம். ‘ரத்து’ என்று குறிக்கப்பட்ட சிலர் இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மின்னஞ்சல் தளத்தில் பிழையா?

பதில்: தளத்தில் பிழை இல்லை, தரவை அமைத்த விதத்தில்தான் சிக்கல். மின்னஞ்சல் தளத்தில் ஒரு முகவரிக்கு ஒரு விவரப்பதிவுதான் இருக்கும். சந்தா செயலியிலோ ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று சந்தாக்களை வைத்திருக்கலாம். காப்பிக்கு ஒன்று, வடிதாளுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர் வடிதாளை மட்டும் நிறுத்தும்போது, அந்த ஒற்றைப் புலத்தின் மேல் ‘ரத்து’ என்று எழுதப்பட்டுவிடுகிறது. காப்பிச் சந்தா உயிரோடு இருப்பது தளத்துக்குத் தெரியாது. அவருக்கு ‘திரும்பி வாருங்கள்’ என்ற மடலும் தள்ளுபடியும் போகின்றன.

ஆகவே நிலையை அனுப்பாமல், நடப்பிலுள்ள சந்தாக்களின் எண்ணிக்கையை அனுப்புங்கள். அது 0 ஆனவர்களை மட்டும் விலகியவர்களாகக் கொள்ளுங்கள். எந்தப் பொருள் நிறுத்தப்பட்டது, எப்போது, என்ன காரணத்துக்காக என்பவை நிகழ்வாகப் பதிவாகட்டும். புலம் இன்றைய நிலையை மட்டும் காட்டும், நிகழ்வுகளோ வரலாற்றைக் காக்கும். இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்துவிட்டால், பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி எழாது.

அடுத்த கட்டணத் தேதியை அனுப்பும்போது ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தேதி வடிவில், நேர வலயத்துடன் அனுப்புங்கள். வலயம் இல்லாத நள்ளிரவு நேரம் ஒரு நாள் முன்னோ பின்னோ நகர்ந்து, ‘நாளை கட்டணம் பிடிக்கப்படும்’ என்ற மடல் பணம் எடுக்கப்பட்ட அன்றே போய்ச் சேரும்.

கேள்வி: மெயில்சிம்ப் என்ற மின்னஞ்சல் தளத்தின் ஏபிஐ வழியே தேடும்போது, இருக்கும் வாடிக்கையாளரையே ‘இல்லை’ என்கிறது.

பதில்: அங்கு ஓர் உறுப்பினரைக் குறிப்பது, முகவரியைச் சிற்றெழுத்துக்கு மாற்றியபின் கணக்கிடப்படும் எம்டி5 ஹேஷ் (எழுத்துகளிலிருந்து உருவாக்கப்படும் நிலையான நீளமுள்ள குறியீடு). வாடிக்கையாளர் பேரெழுத்தில் தொடங்கித் தட்டச்சு செய்த முகவரியை உங்கள் நிரல் அப்படியே ஹேஷ் செய்கிறது என்று நினைக்கிறேன். முதலில் சிற்றெழுத்தாக்குங்கள்.

கேள்வி: ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியே நாங்களே சந்தா வசூலிக்கிறோம். வாடிக்கையாளர் ரத்து செய்து பல வாரங்கள் கழித்தே ‘ஏன் விலகினீர்கள்’ என்ற மடல் போகிறது.

பதில்: நடப்புக் கட்டணக் காலம் முடியும்போது நிறுத்துமாறு ரத்தை அமைத்திருப்பீர்கள். அவ்வாறாயின், வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும் கணத்தில் சந்தா ‘மாற்றப்பட்டது’ என்ற நிகழ்வுதான் வரும். ‘நீக்கப்பட்டது’ என்ற நிகழ்வு காலம் முடிந்த பிறகே வரும். நீங்கள் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காரணம் கேட்கும் மடலை முதலாவதுடனும், விடைபெறும் மடலை இரண்டாவதுடனும் இணையுங்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் மனம் மாறி ரத்தைத் திரும்பப் பெற்றாலும் அதே ‘மாற்றப்பட்டது’ நிகழ்வுதான் வரும் என்பதால், எந்தப் புலம் மாறியது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: ஒரே மடல் இருமுறை போகிறது. ஏன்?

பதில்: இரு காரணங்கள் இருக்கலாம். சந்தா செயலியின் சொந்த அறிவிப்பும் மின்னஞ்சல் தளத்தின் தொடரும் ஒருசேர இயங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது ஒரே வெப்ஹூக் (நிகழ்வு நடந்ததும் ஒரு சேவை மற்றொன்றுக்குத் தானாக அனுப்பும் செய்தி) இருமுறை வந்திருக்கலாம். ஸ்ட்ரைப், உரிய பதில் கிடைக்காவிட்டால் 3 நாள் வரை மீண்டும் மீண்டும் அனுப்பும். நிகழ்வுகள் வரிசைப்படி வரும் என்ற உறுதியும் இல்லை. நிகழ்வின் அடையாள எண்ணைச் சேமித்து, முன்பே கண்ட எண்ணாயின் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கட்டணம் தோல்வியுற்றதைத் தெரிவிக்கும் மடலை எந்தப் பக்கத்திலிருந்து அனுப்புவது?

பதில்: சந்தா செயலியிலிருந்து. விளம்பர மடல்கள் வேண்டாம் என்று விலகியவருக்கும் அட்டை காலாவதியானது தெரிய வேண்டும். சந்தைப்படுத்தல் தளமோ விலகியவரைத் தானாகவே ஒதுக்கிவிடும்.

கேள்வி: இதை ஏற்க இயலவில்லை, ஐயா. செயலியின் மடல் வார்ப்புரு அழகற்றது; மடலை யார் திறந்தார் என்ற விவரமும் கிடைப்பதில்லை. கிளாவியோவில் ஒரு மடலைப் பரிவர்த்தனை மடல் (விளம்பரமன்றி, கட்டணம் போன்றவை பற்றிய மடல்) என்று குறித்தால் விலகியவருக்கும் போகுமே?

பதில்: உண்மைதான், அந்த வசதி உண்டு. முறையாகக் குறித்து ஒப்புதலும் பெற்றிருந்தால் என் முதல் ஆட்சேபம் விழுந்துவிடுகிறது. ஆனால் இன்னோர் ஆட்சேபம் உண்டு. அட்டை தோல்வியுறுவதும், மறுமுயற்சி நடப்பதும், பணம் வந்துசேர்வதும் செயலிக்குள் நிகழ்கின்றன. இணைப்பு சற்றுத் தாமதித்தாலும், பணம் கட்டி முடித்தவருக்கு ‘கட்டணம் நிலுவையில் உள்ளது’ என்று மடல் போகும். அந்தத் தளத்திலிருந்துதான் அனுப்புவது என்றால், தொடரின் ஒவ்வொரு மடலுக்கு முன்னும் நிலையைச் சரிபார்க்கும் நிபந்தனையை வையுங்கள்.

கேள்வி: அந்த மடலின் அடியில் சிறு தள்ளுபடி அறிவிப்பைச் சேர்த்தால் என்ன தவறு?

பதில்: சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்ஸ்பாம் சட்டம், மடலின் முதன்மை நோக்கத்தை வைத்தே அது பரிவர்த்தனையா விளம்பரமா என்று பிரிக்கிறது. விளம்பரத்தைச் சேர்த்த மடல், விலகும் உரிமையை மதிக்க வேண்டிய பக்கத்துக்கு நகரத் தொடங்குகிறது. வேண்டாம் என்று சொன்ன ஒருவரைப் பின்வாசல் வழியே அணுகுவது சட்டம் இல்லாவிட்டாலும் முறையன்று. மேலே ஆட்சேபித்த நண்பருக்கும் இதையே சொல்வேன்: வார்ப்புரு அழகற்றதாக இருந்தாலும், அதில் தேவையானது ஒரு செய்தியும் அட்டையை மாற்றும் ஓர் இணைப்பும்தான்.

கேள்வி: சந்தா வாங்கியவரை அப்படியே விளம்பரப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பொருள் வாங்க அவர் தந்த ஒப்புதல் வேறு, விளம்பரம் பெறத் தரும் ஒப்புதல் வேறு. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி, முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டியை ஒப்புதலாக ஏற்பதில்லை. கட்டணப் பக்கத்தில் காலியான பெட்டி ஒன்றை வைத்து, அவர் குறியிட்ட நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: இணைத்த பிறகு மடல்கள் ஸ்பேமுக்குப் போகின்றன.

பதில்: உங்கள் டொமைனின் பெயரில் இப்போது இரு சேவைகள் அனுப்புகின்றன. இரண்டுக்கும் தனித்தனியே டிகேஐஎம் (மடலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்) அமைக்க வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பெயரில் அனுப்பத் தக்க சேவைகளின் பட்டியல்) ஒன்றே இருக்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் (டொமைன் பதிவேடு) தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது. புதிய சேவைக்கென்று இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவைச் சேர்ப்பவர்கள் இரண்டையுமே செல்லாததாக்கிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு டிமார்க் பதிவும் (இச்சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று கூறுவது), விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது.

கேள்வி: எங்களுக்கும் மடல் இருமுறை போகிறது, ஐயா.

பதில்: இதற்கு மேலே விடை அளித்துள்ளேன். செயலியின் அறிவிப்புகளை அணைத்துப் பார்த்த பிறகு கேளுங்கள்.

கேள்வி: எந்த மின்னஞ்சல் தளம் மலிவானது?

பதில்: கட்டண ஒப்பீடு என் துறை அன்று. அந்தந்தத் தளத்தின் கட்டணப் பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: நேற்று இணைத்தோம். பழைய வாடிக்கையாளர் பலருக்கு வரவேற்பு மடல் போய்விட்டது.

பதில்: முதல் பதிலில் நான் எச்சரித்தது இதைத்தான். தொடரை உடனே நிறுத்துங்கள். வரிசையில் காத்திருக்கும் அடுத்த மடல்களையும் ரத்து செய்யுங்கள். பிறகு பெற்றவர்களுக்கு மட்டும் இரண்டு வரியில் ஒரு விளக்கம் அனுப்புங்கள். கூப்பன் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: நேரலைக்கு முன் கட்டணத் தோல்வியை எப்படிச் சோதிப்பது?

பதில்: ஸ்ட்ரைப் எனில், சோதனைச் சூழலில் 4000 0000 0000 0341 என்ற அட்டை எண்ணைப் பயன்படுத்துங்கள். அது கணக்கில் சேரும், ஆனால் கட்டணம் பிடிக்கும்போது தோல்வியுறும். சோதனைக் கடிகார வசதியைக் கொண்டு காலத்தை முன்னகர்த்தினால், அடுத்த மாதப் புதுப்பிப்பையும் இன்றே பார்த்துவிடலாம்.

கேள்வி: ஒருவர் தம் தரவை அழிக்கச் சொன்னார். மின்னஞ்சல் தளத்தில் அழித்தோம். மறுநாள் திரும்ப வந்துவிட்டது.

பதில்: சந்தா செயலியில் அவருடைய பதிவு இருக்கும்வரை, அடுத்த ஒத்திசைவு அவரைப் புதிதாக உருவாக்கிக்கொண்டே இருக்கும். முதலில் சந்தாவை முடித்து, கணக்குக்காகச் சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றவற்றைச் செயலியில் அழியுங்கள். அதன்பின் மின்னஞ்சல் தளத்தில் அழித்து, இடையில் உங்கள் சொந்த நிரல் ஏதேனும் இருந்தால் அதன் வரிசையிலும் அவருடைய முகவரி தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.