கையில் இருப்பது கொஞ்சம், தட்டில் வகை வேண்டும்

கேள்வி: நாங்கள் நாலு பேர். சாப்பாட்டுக்கு ஒதுக்கும் பணம் மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சிக்கனம் பிடித்தால் தினமும் ஒரே சாப்பாடு, வகை வகையாகச் செய்தால் பணம் போதவில்லை. சத்தும் குறையக்கூடாது. என்ன செய்வது?

பதில்: ஒரு வாரம் உங்கள் வீட்டுக் குப்பைக்கூடையைக் கவனியுங்கள். வாடிப்போன கீரை, பாதி நறுக்கி மறந்த முட்டைக்கோஸ், அழுகிய தக்காளி என்று ஏதாவது தினம் விழுந்தால், பணம் போகும் வழிகளில் அதுவும் ஒன்று. வகை வேண்டும் என்று ஒரே நாளில் எட்டுக் காய் வாங்கும் வீடுகளில் இது அதிகம்.

எல்லா வகையும் ஒரே வாரத்தில் வந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? இந்த வாரம் ஒரு பயறு, ஒரு கீரை, ஒரு காய், ஒரு பழம். அடுத்த வாரம் நாலையும் மாற்றிவிடுங்கள். நாலு வாரத்தில் பதினாறு வகை ஆகிவிடும், எதுவும் வீணாகாது. மாற்றும்போது நிறத்தையும் சேர்த்து மாற்றுங்கள். கேரட், பூசணி போன்ற ஆரஞ்சு நிறக் காய்களில் கிடைப்பது வேறு, கரும்பச்சைக் கீரையில் கிடைப்பது வேறு.

புரதத்துக்குப் பயறும் பருப்பும்தான் என் முதல் சிபாரிசு. 100 கிராம் உலர்ந்த பருப்பில் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இறைச்சியோ வேகும்போது சுருங்கும். அதனால் கடையில் கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். வீட்டில் இறைச்சி இல்லாமல் சாப்பாடு இறங்காது என்றால் அளவைப் பாதியாக்கி, மீதிக்குப் பயறு சேருங்கள். குழம்பில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைக் கெடுக்கும். சிவப்பு ராஜ்மாவை மட்டும் நன்றாக ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கொதிக்கவிட்டு வேகவையுங்கள். அரைவேக்காட்டில் அது வயிற்றை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும்.

காயிலும் தின்னக்கூடிய பாகத்துக்குத்தான் விலை போட வேண்டும். தோலோடு வாங்கும் பச்சைப் பட்டாணியில் எடையில் பாதி தோலாகவே போகும். உரித்து உறையவைத்த பட்டாணி கிலோவுக்கு அதிகமாகத் தெரிந்தாலும் சில சமயம் அதுவே மலிவு. சத்திலும் மோசமில்லை, பறித்த சீக்கிரத்தில் உறையவைக்கிறார்கள்.

கேள்வி: பெரிய பாக்கெட்டாக வாங்கினால் எப்போதும் லாபம்தானே?

பதில்: இல்லை. விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், சின்ன பாக்கெட்டே மலிவாக இருப்பதும் உண்டு. பழைய விலையிலேயே எடையைக் குறைத்து விற்கும் தந்திரமும் இந்த வகுத்தலில் சிக்கும். அரிசி, பருப்பு பெரிதாக வாங்கலாம். எண்ணெய், வேர்க்கடலை, மாவு வேண்டாம். காறிப்போகும், பூச்சி வைக்கும். பிஸ்கட் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெரிய டப்பா இருந்தால் பெரிய கையும் வரும் (எங்கள் வீட்டு அனுபவம்).

கேள்வி: தேதி நெருங்கியதால் தள்ளுபடியில் போடும் பொருளை வாங்கலாமா?

பதில்: அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்றால் அது சுவை, மொறுமொறுப்பு பற்றிய தேதி. பாக்கெட் பிரியாமல் சரியாக வைத்திருந்தால் சில நாள் தாண்டியும் சாப்பிடலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்றால் அது பாதுகாப்பு பற்றியது, தாண்டக்கூடாது. அப்படிப்பட்ட இறைச்சியோ மீனோ தள்ளுபடியில் கிடைத்தால் அன்றே சமைக்க வேண்டும், அல்லது அன்றே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நேரமில்லாத நாள் என்றால் தள்ளுபடியைப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.