பேராதனை மாணவர் ஆடிய கூத்துகளும் என் அம்மப்பாவும்

கேள்வி: இளைஞர் நாடகக் குழுக்கள் முன்பு மேடையேற்றியவற்றில் உங்களுக்கு முக்கியமானது எது, ஏன்?

நான் மட்டக்களப்பான். ஆகவே என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறியாள்கையில் நான்கு கூத்துகள் ஆடினார்கள். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968). அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் இவை பற்றிப் பெரிய வழக்கே நடந்தது. வழக்காளி என் அம்மப்பா.

அம்மப்பா இளவயதில் பெண்கூத்து ஆடியவர். அந்தக் காலத்தில் ஊரில் பெண்கள் களரி, அதாவது கூத்தாடும் அரங்கு, ஏறுவதில்லை, திரௌபதி என்றாலும் ஆண்தான். கூத்துப் பழகுவது அவருக்கு ஒரு பருவம் முழுக்க நீளும் வேலை. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளுக்கு ஆள் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் பாட்டும் வசனமும். வயல் வேலை முடித்து, சாப்பிட்டு, இரவில்தான் பழக்கம். ஆட்டம் காலில் ஏறியதும் சதங்கை அணி, பிறகு அடுக்குப் பார்த்தல் என்ற முழு ஒத்திகை, கடைசியாக அரங்கேற்றம். அரங்கேற்றத்தன்று தொடங்கினால் விடியும்வரை போகும். இடையில் குழந்தைகள் பாயில் தூங்கும், போர் வரும்போது தாய்மார் தட்டி எழுப்புவார்கள்.

இதைத்தான் பேராதனையில் ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கினார்கள். அம்மப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "மத்தளம் சூடாக முன்னம் முடிஞ்சிருமே மனே, அது என்ன கூத்து?" என்பார்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏன் சுருக்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தார் சங்கதி என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. 1956இல் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்களக் கிராமத்து இசை நாடகமான 'நாடகம' மரபில் வேர்விட்டு நவீன நாடகம் செய்யலாம் என்று அது காட்டியது. அந்த நாடகமவே தமிழ்க் கூத்துக்குக் கடன்பட்டது. அப்படியென்றால் நம் கையிலிருக்கும் கூத்தை நாம் ஏன் விட்டுவைத்தோம் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? கிராமத்து அண்ணாவிமாரின் அறிவைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்து மாணவர்களை ஆடவைத்தார் வித்தியானந்தன். பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைகள் சதங்கை கட்டினார்கள். ஊரில் சிலர் முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நேரத்தைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. ஊர்க் களரி வட்டமானது. அண்ணாவியாரும், கூத்தர் பாடியதைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரரும் நடுவில் நிற்பார்கள், கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள், சனம் நாலு பக்கமும் இருக்கும். பேராதனை மேடையோ ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி. மத்தளமும் பிற்பாட்டும் ஓரத்துக்குப் போயின. கூத்தர் முன்னால் பார்த்து ஆட வேண்டியதாயிற்று.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை, என் உடம்பே பட்டு அறிந்தது. பாடசாலையில் தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு கூத்துப் பழகினோம். ஒத்திகை மைதானத்தில், வட்டமாக. போட்டி மண்டபத்தில். மேடை ஏறி முதல் சுற்று வந்ததும் பழக்க தோஷத்தில் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி எட்டு அடி வைத்துவிட்டேன். திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆசிரியர் கையால் கும்பிட்டுத் திரும்பச் சொன்னார். மூன்றாம் இடம். சதங்கை கட்டிய இடத்தில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

சரி, நான்கில் எது? நொண்டி நாடகமும் வாலிவதையும் எனக்கு இரண்டாம் பட்சம். கர்ணன் போர் ஊரில் ஏற்கெனவே ஆடப்பட்ட வடமோடிக் கூத்து (மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்று), அதைச் செப்பனிட்டார்கள். இராவணேசன்தான் வேறு ரகம். அதை எழுதியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. இராவணனாக ஆடியவரும் அவரே. பழைய கூத்தில் பாத்திரம் தன் வருகையைச் சொல்லும் வரவுப் பாட்டோடு வரும், தன் வீரம் பாடும், போருக்குப் போகும். இங்கே இராவணன் உள்ளுக்குள் உடைகிறான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் போகிற ஒருவனை, வடமோடியின் அந்த வீர ஆட்டத்தாலேயே காட்டுவதில்தான் கெட்டித்தனம். வேகமாக ஆடுகிற கால் தடுமாறினால் வரும் துக்கம் வசனத்தில் வராது.

அதற்குப் பிறகு வந்தவை தனிக் கதை. மௌனகுருவின் 'சங்காரம்' (1969) அதே ஆட்டத்தை உழைப்பாளர் கதைக்குக் கொண்டுபோனது. 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அது கூத்து இல்லை, ஆனால் மாணவர் குழு என்றால் எதுவரை போகலாம் என்பதற்கு அதைச் சொல்லாமல் விட முடியாது.

2000க்குப் பிறகு கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மௌனகுரு இராவணேசனைப் புதுப்பித்தார். அம்மப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முன் வரிசைக் கதிரையில், கைத்தடியை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, குறை சொல்வதற்காகவே வந்தவர் மாதிரி இருந்தார். முதல் அரை மணித்தியாலம் குறைகள்தான்: உடுப்பு பளபளப்பு, வெளிச்சம் அதிகம், மத்தளக்காரன் எங்கேயோ மூலையில். மண்டோதரி புலம்பத் தொடங்கியபோது சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கைத்தடி தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, உதடு பிற்பாட்டு எடுத்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் வெளிச்சம் போட்டார்கள். அவர் எழும்பவில்லை.

"வாங்க, போவம்" என்றேன்.

"போறதா? இன்னும் விடியலியே" என்றார்.