ஆடியில் வாங்குங்கள்

அன்புள்ள ஐயா,

பட்டுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் செய்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக்கொடுப்பதுண்டு. என்னிடம் இருப்பது 2014ல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் வேலைக்குத் தயாராகும்.

சர்வீஸ் செய்பவர், "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, தூக்கிப் போட்டுடுங்க" என்கிறார். அக்கா மகன் ஐ7 வாங்கி கிராஃபிக்ஸ் கார்டும் போடச் சொல்கிறான். தீபாவளி வரை பொறுத்தால் விலை இறங்கும் என்கிறார் இன்னொருவர். கையில் 45 ஆயிரம் சேர்த்திருக்கிறேன். வைகாசி முகூர்த்த வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த பதினைந்து வருடத்து ஃபைல்கள் வேறு இருக்கின்றன. எப்போது வாங்குவது, என்ன வாங்குவது?

கே., பட்டுக்கோட்டை

*

அன்புள்ள கே.,

முதலில் வைகாசி வேலையை முடியுங்கள். ஆனியும் போகட்டும். ஆடி பிறந்ததும் வாங்குங்கள்.

இதைச் சொல்ல ஜோசியரே போதுமே என்று தோன்றலாம். ஆனால் புது மெஷின் வந்த அன்றே வேலை ஓடாது. எழுத்துருக்களை ஏற்ற வேண்டும். லேசர் பிரிண்டருக்கு டிரைவர் தேட வேண்டும். ஸ்கேனர் முரண்டு பிடிக்கும். ஏதோ ஒரு பாஸ்வேர்டு பழைய மெஷினுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் பத்து நாள் ஆகியிருக்கிறது. நான் வேலையை ஒத்திப்போடலாம், உங்களிடம் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் கல்யாணத்தை ஒத்திப்போட முடியாது. அந்தப் பத்து நாள் உங்கள் தொழிலில் ஆடியில்தான் கிடைக்கும், விட்டால் மார்கழியில். ஆவணி முகூர்த்தம் தொடங்கும்போது கை பழகியிருக்கும். ஆடியில் புதுப் பொருள் வாங்கலாமா என்று வீட்டில் யாராவது கேட்டால், துணிக்கடைக்காரர்கள் அந்த வழக்கத்தை எப்போதோ உடைத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

சர்வீஸ்காரர் சொன்னது பாதி உண்மை. விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அதற்கு மேல் ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு இருக்கும். உங்களுடையது 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் கேட்பதில்லை. 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். இன்று கடையைச் சாத்துவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பாஸ்புக் முதல் பக்கமும் உங்கள் மெஷின் வழியாகத்தான் போகின்றன. ஆகவே உங்களுக்கு நிஜமான கெடு அந்த அக்டோபர் தேதிதான். அதற்குள் ஆடி வந்துவிடுகிறது, ஆனால் தீபாவளி வருவதில்லை.

பொறுத்தால் விலை இறங்கும் என்பது ஒரு காலத்தில் நல்ல யோசனை. ஒரு சில்லுக்குள் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை வருடா வருடம் இரட்டிக்கும் என்று 1965ல் கார்டன் மூர் எழுதினார், பின்னாளில் இன்டெலை நிறுவியவர்களில் ஒருவர். பத்து வருடம் கழித்து அதை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று திருத்தினார். தொண்ணூறுகளில் அதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். பொங்கலுக்கு வாங்கியவன் தீபாவளிக்கு வாங்கியவனைப் பார்த்து வயிறெரிவான். இப்போது கதை வேறு. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறியது. சில்லறையில் சுமார் முப்பது வருடமாக விற்றுவந்த குருஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக, மெமரி தயாரிக்கும் மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. தீபாவளி ஆஃபரில் பை, மவுஸ், ஹெட்போன் இலவசமாகக் கிடைக்கலாம். ராம் விலை இறங்கும் என்று நம்பிக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே தவணையில் வாங்கத் தோன்றினால், வட்டியில்லாத் தவணை என்று எழுதியிருந்தாலும் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகக் கார்டு பில்லில் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மெஷின் திணறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பிராசஸர், மெமரி, டிஸ்க் மூன்றில் எது நூறைத் தொடுகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். எந்த வேலையின்போது என்பதையும் எழுதுங்கள். நீங்கள் சொன்ன டீ கதையை வைத்துப் பார்த்தால் டிஸ்க்தான் குற்றவாளி என்பது என் ஊகம். ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. கிராமபோன் முள் மாதிரி ஒன்று இங்கும் அங்கும் தாவ வேண்டும். தாவிய பிறகு, வேண்டிய இடம் அடியில் வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். விண்டோஸ் கிளம்பும்போது இந்தத் தாவல் ஆயிரக்கணக்கில் நடக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சில்லுகள் மட்டும்தான், சுற்றுவதும் இல்லை, தாவுவதும் இல்லை.

டிஸ்க்தான் என்று உறுதியானால், முகூர்த்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பழைய மெஷினிலேயே போட்டு, எல்லாவற்றையும் அப்படியே குளோன் செய்யச் சொல்லுங்கள். 500 ஜிபியும் நிரம்பியிருந்தால் பழைய ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டியிருக்கும். ராம் கூட்டச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் 10க்கு 4 ஜிபிக்கு மேல் எத்தனை போட்டாலும் எட்டாது.

எஸ்எஸ்டி போட்ட மறுநாள், புது மெஷினே வேண்டாம் போலிருக்கிறதே என்று தோன்றும். இணையமே இல்லாத கடையாக இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் 2014ல் வந்த ஐ3 பெரும்பாலும் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெல் பிராசஸர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது.

இனி அக்கா மகனுக்கு. ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தலைமுறை எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் வந்த ஏழாம் தலைமுறை ஐ7-7700க்கு விண்டோஸ் 11 பட்டியலில் இடமில்லை. அதே வருடம் அக்டோபரில் வந்த ஐ3-8100க்கு இருக்கிறது. எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை: 8100 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு. 'ஐ5, 16 ஜிபி, புது அசெம்பிள்டு' என்று நம்ப முடியாத விலைக்கு விளம்பரம் வந்தால் என்ன ஐ5 என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பிராசஸரைப் புது போர்டில் பொருத்தி, பளபளப்பான கேபினெட்டில் விளக்குப் போட்டு விற்கிறார்கள். விளக்கு நன்றாகத்தான் எரியும்.

உங்கள் வேலைக்குப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 போதும், தாராளமாகவே போதும். வினாத்தாளுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? ஒரு எச்சரிக்கை: எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் விலை சற்றுக் குறையும், ஆனால் அந்தப் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி. ராம் 16 ஜிபி இருந்தால் நல்லது. விலை கையைக் கடித்தால் இப்போது 8 ஜிபி ஒரே ஸ்டிக்காகப் போட்டு, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். இரண்டு நான்காகப் போட்டுக்கொடுத்தால் வாங்காதீர்கள். லேப்டாப் வேண்டாம். கடை நகரப்போவதில்லை, லேப்டாப்பில் பழுது வந்தால் மொத்த மெஷினும் சர்வீஸுக்குப் போகும்.

ஆபீஸ்களில் ஓடித் திரும்பிய ஆப்டிப்ளெக்ஸ், திங்க்சென்டர் மெஷின்கள் சென்னை ரிச்சி தெருவிலும் திருச்சியிலும் கிடைக்கின்றன. உறுதியான மெஷின்கள், நான் இதை எழுதுவதே அப்படிப்பட்ட ஒன்றில்தான். உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். அவற்றில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது விண்டோஸ் 11க்குள் நுழையும் கடைசிப் படி. நீங்கள் ஒரு மெஷினைப் பன்னிரண்டு வருடம் வைத்திருக்கிற ஆள். கீழ்ப்படியில் நின்று தொடங்கவேண்டாம்.

பில் ஜிஎஸ்டியோடு இருக்கட்டும். போர்டு, பிராசஸர், எஸ்எஸ்டி ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் அதில் இருக்கட்டும். "விண்டோஸ் நாங்களே போட்டுத் தர்றோம்" என்றால் அதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். நான் ஒரு முறை சூடுபட்டவன், அதனால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் புதுசு வந்த உற்சாகத்தில் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு பதிப்பகம் என் பழைய தொகுப்பின் மூலக் கோப்பைக் கேட்டது. கோப்பு என்னிடம் இருந்தது. திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. அந்த எழுத்துருவும் அதைத் தட்டச்சு செய்த மென்பொருளும் எக்ஸ்சேஞ்சோடு போய்விட்டன. 140 பக்கத்தை அச்சுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி தட்டினேன். கடைக்காரர் மேல் தப்பில்லை, பெட்டியைத்தான் விலைக்கு எடுத்தார்.

உங்கள் நிலை இன்னும் சிக்கல். பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001ல், அதுதான் கடைசி. எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோட் அதற்குத் தெரியாது. இன்டிசைனின் பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தன, இப்போது வருபவை திறப்பதில்லை. திறந்தாலும் உள்ளே இருப்பது பழைய எழுத்துருக் குறியீடுதான், அதைத் தனியாக மாற்ற வேண்டும். உங்கள் தமிழ் மென்பொருளுக்கு ஹார்டுவேர் லாக் (செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் சின்னச் சாவி) இருந்தால் அது எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி என்றால் பரவாயில்லை. பிரிண்டர் கேபிள் போடும் அகலமான 25 பின் வாய் என்றால், புது போர்டில் பெரும்பாலும் அந்த வாயே இருக்காது. அதனால் அக்டோபருக்குப் பிறகு பழைய மெஷினின் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, அதைப் பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "போன வருஷம் அண்ணனுக்கு அடிச்ச அதே டிசைன்" என்று வருபவருக்கு அதில் செய்யலாம். புதுப் பத்திரிகைகளைப் புது மெஷினில் யூனிகோடில் தொடங்குங்கள். விரல் டைப்ரைட்டர் முறைக்குப் பழகியிருந்தால் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அதே முறையில் யூனிகோட் அடிக்கலாம், தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை.

45 ஆயிரத்தையும் பெட்டியில் கொட்டிவிடாதீர்கள். பதினைந்து வருடத்து ஃபைல்களுக்கு இரண்டாவது பிரதி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்து, கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். இது ஆடி வரை காத்திருக்கக்கூடாது, இந்த வாரமே. யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துவிடும், கரண்ட் போகிற அன்றுதான் நமக்குத் தெரியவரும்.

மானிட்டர் நன்றாக இருந்தால் மாற்ற வேண்டாம். அதன் பின்னால் நீல நிற விஜிஏ வாய் மட்டும்தான் இருக்கிறதா, எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். திருச்சி வரை போய் மெஷினை வாங்கி வந்துவிட்டு, ஒரு கேபிளுக்காக மறுபடி பஸ் ஏறவேண்டாம்.