வட்டமாகத் தெரிவதெல்லாம் விண்கல் பள்ளமா?

எங்கள் பினாங்கு வானியல் குழு வாட்ஸ்அப்பில் யாரோ சகாராவின் செயற்கைக்கோள் படம் ஒன்றைப் போட, கேள்விகள் குவிந்துவிட்டன. நிலவியல் படித்தவன் என்பதால் பதிலை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கே: சார், மொரித்தானியாவில் 300 மீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் பார்த்தேன். விண்கல் விழுந்த இடம்தானே? (மாணவர், பட்டர்வொர்த்)

ப: பொறுங்க தம்பி. முதலில் அது குழியா, மேடா? வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தெரியாவிட்டால் குழி குன்றாகத் தெரியும், குன்று குழியாகத் தெரியும். பக்கத்தில் உள்ள மலையின் நிழலை வைத்து அதை உறுதி செய்யுங்கள். அடுத்து விளிம்பு. அது சுற்றியுள்ள தரையைவிட உயர்ந்து, பாறை அடுக்குகள் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து கிடக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பாரிங்கர் விண்கல் பள்ளத்தில் அடியில் இருக்க வேண்டிய வெளிர்நிற கைபாப் அடுக்கு, அதைவிட இளைய சிவப்பு மோன்கோப்பி அடுக்கின்மேல் ஏறிக் கிடக்கிறது. இப்படி அடுக்குகளைப் புரட்டிப் போடுவது தரை தானாக உள்வாங்கிய குழியால் ஆகாது.

அப்புறம் அக்கம்பக்கம். எரிமலைப் பாறை, உப்பு, சுண்ணாம்பு இருந்தால் விண்கல்தானா என்று சந்தேகப்படுங்கள்; இவையும் வட்டங்களை உண்டாக்கும். அதே போல வட்டங்கள் கூட்டமாக இருந்தாலும் சந்தேகம்தான். எகிப்தின் கில்ஃப் கெபீரில் அப்படி ஒரு கூட்டத்தை 2004-ல் விண்கல் பள்ளங்கள் என்று அறிவித்தார்கள். பிறகு நேரில் போய்ப் பார்த்தவர்கள் பூமிக்கடியிலிருந்து வந்த வெந்நீரின் வேலை என்றார்கள்.

கே: "சகாராவின் கண்" விண்கல் இல்லையா? (ஆசிரியை, சுங்கை பட்டாணி)

ப: இல்லை டீச்சர். "சகாராவின் கண்" என்று சொல்லும் மொரித்தானியாவின் ரிஷாத் வட்டம், மேலே புடைத்த பாறை மேடு அரித்துத் தேய்ந்ததால் வந்தது. கெட்டியான அடுக்கு தாக்குப்பிடித்தது, மற்றவை கரைந்தன.

கே: சாய்வாக விழுந்தால் பள்ளம் நீளமாகத்தானே இருக்கணும் அண்ணே? (கிள்ளானிலிருந்து ஒரு தங்கை)

ப: கல் தோண்டுவதில்லைம்மா, வெடிக்கிறது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது பள்ளத்தை உண்டாக்குவது அதிர்வலைதான். மிகத் தாழ்ந்த கோணத்தில் வந்தால் மட்டுமே நீளும்.

கே: வீட்டில் உட்கார்ந்தபடி யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: தெற்கு எகிப்தின் கமில் பள்ளம். 45 மீட்டர்தான் அகலம். 2008-ல் இத்தாலியரான வின்செஞ்சோ டி மிக்கேலே கூகுள் எர்த்தில் பார்த்தார். எறியப்பட்ட வெளிர்நிறக் கல் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தது. 2010-ல் குழு போய் ஆயிரக்கணக்கான இரும்பு விண்கல் துண்டுகளைப் பொறுக்கியது. மழையில்லாத இடம் என்பதால் கீற்று அழியவில்லை. அந்த அதிர்ஷ்டம் எல்லா இடத்திலும் கிடைக்காது.

கே: அப்போ எதுதான் ஆதாரம்? (பட்டர்வொர்த் மாணவர் மறுபடியும்)

ப: பாறைதான் தம்பி. விண்கல் துண்டே கிடைத்தால் வழக்கு முடிந்தது. ஆனால் பெரிய பள்ளங்களில் அது ஆவியாகிவிடும். அப்போது இரண்டைத் தேடுவோம். ஒன்று, கூம்பு வடிவில் உடைந்த பாறை. உச்சியிலிருந்து மெல்லிய வரிகள் குதிரைவால் மாதிரி விரியும். கையால் தடவினாலே தெரியும். மற்றொன்றுக்கு நுண்ணோக்கி வேண்டும். மெல்லிசாகச் சீவிய குவார்ட்ஸ் கனிமத் துகளில் நூல் பிடித்தது போல நேரான கோடுகள், இரண்டு மூன்று திசையில், துகள் முழுக்க ஓடும். சாதாரண மலை அழுத்தத்தில் வரும் கோடுகள் வளைந்து தள்ளித்தள்ளி இருக்கும். எரிமலையால் இந்த நேர்க்கோடு வராது. பாரிங்கர் விண்கல்லால் வந்ததா, எரிமலையால் வந்ததா என்ற நெடுநாள் சண்டையும் 1960-ல் கடும் அழுத்தத்தில் மட்டும் உருவாகும் கோயசைட் கனிமம் அங்கே கிடைத்த பிறகுதான் அடங்கியது.

கே: நம்ம நாட்டில் ஒன்றுமே இல்லையா? (ஈப்போ)

ப: பேராக்கில், லெங்கோங் பக்கம் புக்கிட் புனூ இருக்கிறதே! யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் அதை 18.3 லட்சம் ஆண்டுக்கு முந்தைய மோதல் இடம் என்கிறார்கள். அங்கே பாறைக்குள் சிக்கிய கற்கருவியின் வயதும் அதையொட்டியே கணக்கிடப்பட்டது. வயது பற்றி வெளியே இன்னும் விவாதம் உண்டு. என்னைக் கேட்டால் சூவைட் (மோதலில் நொறுங்கி உருகி ஒட்டிக்கொண்ட பாறை) என்று அவர்கள் சொல்லும் பாறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். காடும் செம்பனையும் மூடிய இடத்தில் படத்தில் வட்டம் தேடிப் பயனில்லை.