டாக்டரம்மா பதில்கள்: பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுங்கள்

பள்ளிகள் திறந்ததிலிருந்து வருகிற கடிதங்களில் நிறைய, பிள்ளைகளுக்குப் பள்ளியில் மருந்து கொடுப்பது பற்றியும் அடிபட்டால் என்ன செய்வது என்பது பற்றியும்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. நேராகக் கேள்விகளுக்குப் போய்விடலாம்.

டாக்டரம்மாவுக்கு வணக்கம்ங்க. என் மகள் ஏழாவது படிக்கிறாள். சின்னதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையும் ராத்திரியும் மாத்திரை. இந்த வருசம் புதுப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்று நான் சொல்கிறேன். மாமியார், "பொட்டப்புள்ளைங்க, நாளைக்குக் கல்யாணம்னு வந்தா நாலு பேரு பேசுவாங்க, வாயைத் திறக்காதே" என்கிறார். என்ன செய்யட்டுங்க?
ஒரு தாய், சென்னிமலை

சொல்லிவிடுங்கள் அம்மா, நாளைக்கே சொல்லிவிடுங்கள். மாமியார் பேத்தி மேல் இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடமும் சொல்லாமல் இருந்து, வகுப்பில் ஒரு நாள் வலிப்பு வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று அவரிடமே கேளுங்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், ஒருவர் பல்லிடுக்கில் கரண்டியை விடுவார், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அது நிற்கிற நேரமும் வந்துவிடுவதால் இரும்புதான் நிறுத்தியது என்று நம் பக்கம் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். இரும்பால் ஒரு நன்மையும் இல்லை. ஊற்றுகிற தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரு முழுத்தாளில் இதை எழுதி வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் ஒவ்வொன்று கொடுங்கள்: பெண்ணின் பெயர், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், வலிப்பு வந்தால் எப்படி வரும், பார்க்கிற டாக்டர் யார், இரண்டு போன் நம்பர். அதற்குக் கீழே, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கிற பெஞ்சு, கல் எல்லாம் விலக்கி, தலைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வைக்க வேண்டும். கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் எதுவும் வைக்கக் கூடாது. மணியைப் பார்க்க வேண்டும். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வந்துவிடும். ஐந்து நிமிடம் தாண்டினாலும், தெளிவதற்குள் அடுத்தது வந்தாலும், மூச்சு சரியாக இல்லாவிட்டாலும் உடனே 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடசோலம் ஸ்பிரேயை டாக்டர் எழுதித் தந்திருந்தால் ஒன்றைப் பள்ளியில் கொடுத்து வைத்து, எப்போது அடிப்பது என்று டாக்டர் கைப்படவே எழுதி வாங்கிக் கொடுங்கள்.

டீச்சருக்குத் தெரிந்திருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. சில பிள்ளைகளுக்குக் கை கால் உதறாது, சில நொடிகள் கண் நிலைகுத்தி வெறித்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். விவரம் தெரியாத ஆசிரியர் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று திட்டுவார். தெரிந்தவர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார், நீங்கள் டாக்டரிடம் சொல்வீர்கள், மாத்திரை அளவு சரியாகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது தூக்கம். பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் மிதிக்க விடிய விடிய வரிசையில் நிற்பது, கம்பத்து ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் படுப்பது, அந்தக் கலாட்டாவில் ராத்திரி மாத்திரையை மறப்பது, இதெல்லாம் வலிப்பை இழுத்து வந்துவிடும். அப்புறம் கிணறு, வாய்க்கால். நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே தண்ணீரில் இல்லாமல் இறங்க விடாதீர்கள்.

கல்யாணப் பேச்சுக்கு ஒரு செய்தி. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மைதான். 1999-இல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். நன்றாக மாத்திரை சாப்பிட்டு, இரண்டு வருடம் போல வலிப்பே வராமல் இருக்கிற பிள்ளைகள் பலருக்கு டாக்டர் மெதுவாகக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. நீங்களாக ஒரு வேளை கூட நிறுத்தாதீர்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. பெற்றோர் நோட்டுத்தாளில் இரண்டு மாத்திரையை மடித்துக் கொடுத்து, "மத்தியானம் சோறு தின்னதும் குடுத்துருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் காட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பதினோரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் போனை எடுக்க ஆள் இல்லை. பாராசிட்டமால் பாதி கொடுத்தால் தப்பா? ஏதாவது ஆகிவிட்டால் பழி எங்கள் தலையில்தானே விழும்?
ஓர் ஆசிரியை, அந்தியூர் வட்டாரம்

உங்கள் பயம் நியாயமானது டீச்சர். காகிதத்தில் மடித்த மாத்திரையை வாங்காதீர்கள். அது என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், காலாவதி ஆகிவிட்டதா, பக்கத்து வீட்டுப் பையனுடையதா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. பட்டையோடு, டாக்டர் சீட்டோடு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பெற்றோரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று எழுதுகிற மருந்துகள் பலவற்றைக் காலையில் கிளம்பும்போது, நான்கரை மணிக்கு வீடு வந்ததும், படுக்கும்போது என்று வைத்துக்கொள்ள டாக்டரே சம்மதிப்பார். கேட்டால் சொல்லுவார், நம் ஆட்கள் கேட்பதில்லை. அப்படிச் செய்தாலே உங்களிடம் வருகிற மாத்திரைகளில் பெரும்பகுதி நின்றுவிடும்.

மிச்சத்துக்கு ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, பிள்ளை பெயர், மருந்து, அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர் கையெழுத்து. பெற்றோர் எழுதத் தெரியாதவராக இருந்தால் நீங்கள் எழுதிப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். மருந்து கொடுக்கிற பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும், அவர் விடுப்பு என்றால் இன்னொருவர். இரண்டு பேரும் கொடுப்பது என்று வைத்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை போய்விடும்.

பாராசிட்டமாலுக்கு வருகிறேன். சேர்க்கை நேரத்திலேயே, காய்ச்சல் வந்தால் கொடுக்கலாம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கியிருந்தால் கொடுக்கலாம். கணக்கு வயதை வைத்து இல்லை, எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 20 கிலோ பிள்ளைக்கு 300 தாண்டக் கூடாது, 500 மாத்திரையில் பாதி என்றால் 250, சரி. ஆனால் அதே பாதி 650 மாத்திரையில் 325 ஆகிவிடும், அதனால் பட்டையைப் படிக்காமல் பாதி என்று உடைக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்னால், காலையில் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்காமல் கொடுக்கவே கூடாது. ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், சளி மருந்து சிலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. பதில் கிடைக்கவில்லையா, ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, 104-க்கு அடித்துக் கேளுங்கள். அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஆஸ்பிரின் பள்ளியில் இருக்கவே கூடாது. டெங்கு நடமாடுகிற மாதங்களில் புரூஃபென் வகையும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இருமல் சிரப் எதையும் பள்ளியில் வாங்கி வைக்காதீர்கள். 2025-இல் நம் மாநிலத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்து, மத்தியப் பிரதேசத்தில் சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்ததை எல்லோரும் படித்தோம். காய்ச்சலோடு கழுத்து வளையாமல் விறைப்பு, விடாத வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குவது எது இருந்தாலும் அப்பா வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பழியைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. அவசரத்தில், சம்மதம் வாங்க ஆள் இல்லாத நேரத்தில், ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்கிற காரியம் குற்றமாகாது என்கிறது. உயிர் போகிற நேரத்தில் கை கொடுக்க அது உங்களுக்குத் துணை. தலைவலி மாத்திரையை மனம்போலக் கொடுப்பதற்கு அது துணை வராது, அதற்கு அந்த நோட்டுதான்.

போன் எடுப்பதில்லை என்றால் வேலை பார்க்கிற தோட்டத்துக்காரர் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

பையனுக்கு வீசிங். பம்ப்பைப் பள்ளியில் வாங்கி எச்.எம். ரூம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகள் எடுத்துவிடுவார்களாம். போன வாரம் சாவி கிடைக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது.
தறி ஓட்டும் தந்தை, பல்லடம்

பத்து நிமிடம் அதிகம், ரொம்ப அதிகம். எனக்குப் படிக்கும்போதே கோபம் வருகிறது. மூச்சுத்திணறலை உடனே தணிக்கிற நீல நிறப் பம்ப் (இன்ஹேலர்) என்பது கிணற்றில் விழுந்தவனுக்குப் போடுகிற கயிறு போல, பீரோவில் இருந்தால் இல்லாததற்குச் சமம். பெரிய பையன் என்றால் அவன் பையில், சின்னவன் என்றால் வகுப்பாசிரியர் மேசையில், விளையாட்டுக்குப் போனால் மைதானத்துக்கும் கூடவே. மற்ற பிள்ளை ஆசைக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தால் கொஞ்சம் படபடப்பு வரலாம், பெரிய தீங்கு வராது. டாக்டரிடம் இப்படி எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுங்கள்.

செய்முறை: பையனை உட்கார வையுங்கள், படுக்க வைக்கக் கூடாது. பம்ப்பைக் குலுக்கி ஸ்பேசரில் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற குழாய்) மாட்டி ஓர் அடி அடித்து, நாலைந்து மூச்சு இழுக்கட்டும். இப்படி நான்கு அடி. நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் இன்னும் நான்கு அடித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்பேசர் இல்லாத அவசரத்தில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு அதையே ஸ்பேசராக்கலாம். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா எலும்புக்கிடையே உள்ளே இழுக்கிறது என்றால் எதற்கும் காத்திருக்கக் கூடாது.

பம்ப் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். காலை மாலை போடுகிற தடுப்புப் பம்ப்பை வீட்டில் விடாமல் போட்டால் நீலப் பம்ப்புக்கு வேலையே குறையும். தறிக்குடோனிலிருந்து வந்ததும் பஞ்சுத் தூசி படிந்த சட்டையை மாற்றிவிட்டுப் பையனைத் தூக்குங்கள்.

டாக்டரம்மா, நான் பத்தாவது படிக்கிறேன். டைப் 1 சர்க்கரை. கணக்குப் பரீட்சையில் கை நடுங்கி வேர்த்தது. பையில் இருந்த மிட்டாயை எடுக்க விடவில்லை.
மாணவி, உடுமலை

கண்ணு, ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்தால் இப்படித்தான் நடுங்கி வேர்க்கும், அப்போது இனிப்புதான் சரிசெய்யும். நீ கேட்டது சலுகை இல்லை, மருந்து. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் எல்லா மாநிலக் கல்வி வாரியங்களுக்கும் எழுதியிருக்கிறது: டைப் 1 உள்ள பிள்ளைகள் டாக்டர் சொன்னபடி வகுப்பிலும் தேர்விலும் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், தின்பண்டம் சாப்பிடவும் விட வேண்டும் என்று. சி.பி.எஸ்.இ. 2017-இலிருந்தே பொதுத்தேர்வில் மிட்டாய், பழம் கொண்டு போக விடுகிறது. அப்பாவோடு போய், டாக்டர் சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் மனு கொடு, பொதுத்தேர்வுக்கு ரொம்ப நாள் முன்னாலேயே கொடு, அறைக் கண்காணிப்பாளர் வரைக்கும் தகவல் போக வேண்டும்.

நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ உடனே. சாக்லெட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. நெருங்கிய தோழி ஒருத்திக்கு இதைச் சொல்லி வை. நீ நினைவிழந்து கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-தான் என்பதையும் அவளிடம் சொல்.

பி.டி. மாஸ்டர் நான். பள்ளியைச் சுற்றிக் கொறங்காடும் (மேய்ச்சல் நிலம்) கிளுவை வேலியும்தான். முதலுதவிப் பெட்டியில் என்ன வைக்கலாம்?
காங்கேயம்

காஸ் துணி, ரோல் பேண்டேஜ், ஒட்டுப் பிளாஸ்திரி, பீட்டாடின், கத்தரி, கையுறை, ஓ.ஆர்.எஸ்., முக்கோணத் துணி ஒன்று. மஞ்சள் தூள், காப்பித் தூள் வேண்டாம். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. தீப்புண்ணுக்கு இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீர், பேஸ்ட் பூசக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வைக்கிறார்கள், தப்பு. முன்னால் குனிய வைத்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிரந்தரப் பல் விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்ப ஒட்ட வைக்கலாம்.

பாம்பு: கடித்த காலை அசைக்காமல், எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போலக் குச்சி வைத்துக் கட்டுங்கள். கொலுசு, மோதிரத்தைக் கழற்றுங்கள். கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடிக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுவார்கள்.

பேத்திக்குப் பள்ளியில் வாராவாரம் நீல மாத்திரை தருகிறார்கள். தின்ற அடுத்த நாள் வெளிக்கிக் கறுப்பாகப் போகிறதாம். இனி வாயில் போடாதே, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு என்று சொல்லிவிட்டேன்.
ஓர் அப்பாரு, கோபி

அய்யா, கறுப்பாகப் போவது இரும்புச்சத்து மாத்திரைக்கு வழக்கமானதுதான், பயப்பட ஒன்றும் இல்லை. வயசுக்கு வருகிற பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை நிறைய, அதற்காகத்தான் தருகிறார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு தண்ணீரில் விழுங்கட்டும், டீயோடு வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னதை மட்டும் இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் ஊட்டியில் பள்ளிப் பிள்ளைகள் இந்த மாத்திரையைப் போட்டி போட்டு அள்ளித் தின்று, எட்டாவது படித்த பெண் ஒருத்தி இறந்துபோனாள். வாரம் ஒன்று நல்லது செய்கிற அதே மாத்திரை மொத்தமாக உள்ளே போனால் ஈரலைக் கெடுத்துவிடும். பல்லடத்துப் பையனின் பம்ப்பைப் பூட்டக் கூடாது என்றேன், இதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், ஆசிரியர் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும். பேத்தி இதுவரை கொண்டுவந்தது எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சின்னப் பேரன் தவழ்கிற வீடாக இருந்தால் அதுவரை ஜன்னல் திட்டில் வைக்காமல் எட்டாத உயரத்தில் வையுங்கள்.