தெற்கு பால்கனித் தக்காளி: பூ கொட்டுவது ஏன்?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி. தெற்கு பார்த்த பால்கனியில் ஆறு குரோ பேக்கில் தக்காளி வைத்திருக்கிறேன். தை மாதம் விதைத்தது. செடி நெட்டையாக, நல்ல பச்சையாக இருக்கிறது. பங்குனியிலிருந்து பூக்கிறது, ஆனால் அத்தனையும் கொட்டிவிடுகிறது. வாரா வாரம் மண்புழு உரமும், சாணமும் கோமியமும் புளிக்கவைத்த ஜீவாமிர்தக் கரைசலும் கொடுக்கிறேன். இன்னும் என்ன உரம் போடலாம்?

பதில்: வணக்கம் அம்மா. இனி எந்த உரமும் போட வேண்டாம். குறை உரத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. அதோடு கோடையும் சேர்ந்துகொண்டது.

தெற்கு பால்கனிக்கு வெயில் வருவது குளிர்காலத்தில்தான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், உச்சி வேளையிலும் வெயில் உங்கள் பால்கனித் தரையில் விழும். பங்குனி பிறந்ததும் சூரியன் மேலே ஏறிவிடும். சித்திரை இரண்டாம் வாரத்தில் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும், பிறகு ஆவணி பிறக்கும்வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான். அந்த மாதங்களில் மேல்வீட்டுத் தளம் உங்கள் செடிகளுக்குக் கூரையாகிவிடுகிறது. தக்காளிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். உங்கள் செடி நெட்டையானதே வெளிச்சத்தைத் தேடித்தான். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டிருக்கிறதா பாருங்கள், தெரிந்துவிடும். வெயில் இல்லாத இடத்தில் தழைச்சத்தை மேலும் மேலும் கொடுத்தால் இலைதான் பெருகும்.

அடுத்தது வெப்பம். தக்காளி காய் பிடிக்க இரவு குளிர்ந்திருக்க வேண்டும். 15 முதல் 21 டிகிரி இருந்தால் அருமை. சென்னையில் மே மாதத்தில் இரவுகூட 27 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்தச் சூட்டில் மகரந்தம் வீணாகிவிடும். பூக்காம்பின் நடுவில் சின்ன முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அது மஞ்சளாகி, விரல் பட்டாலே அந்த இடத்தில் பூ கழன்று வந்தால், செடி தானாகவே பூவை உதிர்க்கிறது என்று பொருள். பால்கனியில் ஏசியின் வெளி யூனிட் இருந்தால் அதன் அனல் படாத இடத்துக்குப் பைகளை மாற்றுங்கள்.

இந்தச் செடிகளை ஆவணிவரை வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். மனசு வராதுதான். ஆனால் வெள்ளை ஈ தங்குவதற்கு அது இடமாகிவிடும், இலைச்சுருட்டல் நோயைப் பரப்புவதும் அந்த ஈதான். செடியைப் பிடுங்கிவிட்டு, மண்ணை மொட்டைமாடியில் பரப்பிக் கத்திரி வெயிலில் காய விடுங்கள். அப்புறம் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, புதினா வையுங்கள். நேர் வெயில் குறைந்தாலும் வெளிச்சம் இருந்தால் இவை தாங்கும். வெண்டை, கத்தரி ஆசை இருந்தால், குடியிருப்போர் சங்கத்தில் கேட்டு மொட்டைமாடியில் இரண்டு பை வையுங்கள். அவற்றுக்குக் கோடை வெயில் பிடிக்கும்.

தக்காளிக்கு ஆவணிக் கடைசியில் நாற்று விடுங்கள். பிகேஎம் 1 என்ற தக்காளி ரகம் குட்டையாகப் படரும், பைக்கு ஒத்துவரும். 25 நாள் நாற்றைப் புரட்டாசியில் நட்டால் கார்த்திகையில் பூ, மார்கழி, தையில் காய். மழைக்காலமாயிற்றே என்று பயப்பட வேண்டாம். மொட்டைமாடிச் செடியை அடிக்கும் மழை, கூரை உள்ள பால்கனியில் அவ்வளவாக விழாது. சாரல் அடிக்கும் நாளில் மட்டும் பைக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

பூ வந்த பிறகு காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ தன்னிலேயே மகரந்தம் சேர்ந்துகொள்ளும், ஆனால் அசைய வேண்டும். பக்கச் சுவர் காற்றை மறைக்கும் பால்கனியில் அந்த அசைவு போதாது.

பஞ்சகவ்யாவை (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்ந்த கரைசல்) நாற்று நட்டு மூன்று வாரம் கழித்து, லிட்டருக்கு 30 மில்லி கலந்து, 15 நாளுக்கு ஒரு முறை தெளித்தால் போதும். மண்புழு உரமும் அதே இடைவெளியில் பைக்கு ஒரு கைப்பிடி. புதிதாகக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வாங்கினால் ஊறவைத்து, பழுப்பு நிறம் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள். அதிலுள்ள உப்பு நாற்றின் வேரைக் கருக்கிவிடும்.