கேள்வி – பதில்: நாள்பட்ட வலிக்கு மருந்தில்லா முறைகள்

கேள்வி: நாள்பட்ட வலியை மருந்தில்லாமல் கையாள நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு (கூடுதல் படிப்பு முடித்து, நோயாளிகளைத் தாங்களே மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் நர்ஸ்கள்) பயிற்சி தரப்போகிறோம். நேரம் குறைவு. எதை முதலில் வைப்பது?

பதில்: மதிப்பீட்டை. 3 மாதங்களைத் தாண்டி நீடிக்கும், அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். எந்த முறையைத் தொடங்கும் முன்பும் ஆபத்து அறிகுறிகளைக் கேட்டுவிட வேண்டும்: காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கால் பலமிழப்பது. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

அளவிட மூன்று கேள்விகள் போதும். கடந்த வாரம் சராசரி வலி எவ்வளவு, அது வாழ்வின் மகிழ்ச்சியை எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலைகளை எவ்வளவு தடுத்தது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மூன்றின் சராசரி 30 சதவீதம் குறைந்தால் நல்ல முன்னேற்றம். வலி அப்படியே இருக்க, வேலை செய்யும் திறன் மட்டும் கூடுவதும் உண்டு. வலியை மட்டும் கேட்கும் நர்ஸுக்கு அது தெரியாமலே போய்விடும்.

கேள்வி: நடக்கச் சொன்னால் இரண்டே நாளில் வலி கூடிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஏன்?

பதில்: ‘முடிந்தவரை நடங்கள்’ என்று சொல்லி அனுப்புவதால்தான். வலி குறைந்த நாளில் அளவுக்கு மீறி நடப்பார்; அடுத்த இரண்டு நாள் படுக்கை. இது திரும்பத் திரும்ப நடந்தால் உடல் தளரும், அசைவதற்கே பயம் வரும். பயிற்சியில் அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

வலி கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் குறித்துவரச் சொல்ல வேண்டும். 10, 6, 8 நிமிடம் என்றால் சராசரி 8. அதில் ஏறத்தாழ 80 சதவீதம், அதாவது 6 நிமிடம்தான் தொடக்க அளவு. நல்ல நாளிலும் 6, மோசமான நாளிலும் 6. எப்போது நிறுத்துவது என்பதை வலி முடிவு செய்யக் கூடாது, கடிகாரம் முடிவு செய்ய வேண்டும். வாரத்துக்கு 10 சதவீதம்போலக் கூட்டினால் போதும். வலி திடீரென எகிறினால் ஓரிரு நாள் பாதியாகக் குறைக்கலாம்; முழுவதும் நிறுத்தினால் பழைய தளர்ந்த நிலைக்கே போய்விடுவோம். நல்ல நாளில் அளவோடு நிறுத்திக்கொள்வதுதான் நோயாளிக்குக் கடினம், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் ஒருவர் நோயாளியாக நடிக்கட்டும். மற்றவர் கணக்குப் போட்டு விளக்கியபின், நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் விளக்கியதில்தான் குறை.

கேள்வி: மூச்சுப் பயிற்சி என்றதும், ‘என் வலி பொய்யா?’ என்று நோயாளிகள் கோபப்படுகிறார்கள்.

பதில்: கோபம் நியாயமானது. வலி உண்மை என்பதை முதலில் சொல்ல வேண்டும். நீண்ட நாள் வலியால் நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்திருக்கிறது (சிறு தூண்டலையும் பெரிய வலியாக உணர்கிறது), மெதுவான மூச்சு அதைத் தணிக்க உதவும் என்பதை அடுத்து. 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே என்று 5 நிமிடம், அங்கேயே கூட உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். தலை சுற்றினாலோ விரல் நுனி கூசினாலோ மூச்சை மிகையாக இழுக்கிறார். ஆழத்தைக் குறைக்கச் சொல்லலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது இதைப் புதிதாகக் கற்றுத்தர முயல வேண்டாம். ஓபியாய்டு மருந்து (மார்ஃபின் போன்ற வலுவான வலிநிவாரணி) எடுப்பவரிடம் ‘இனி மாத்திரை வேண்டாம்’ என்று ஒருபோதும் சொல்லக் கூடாது, திடீரென நிறுத்துவது ஆபத்து.

கேள்வி: டென்ஸ் கருவியை (தோலில் ஒட்டி மின்துடிப்பால் வலியைத் தணிக்கும் கருவி) பாடத்தில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஒரு துணையாக. வலியில்லாமல், ஆனால் பலமாக உணரும் அளவு மின்துடிப்பு வைக்க வேண்டும். மிகக் குறைவாக வைப்பதே பலன் கிடைக்காததற்கு வழக்கமான காரணம். கருவி வேலை செய்யும்போதே நடந்தால் பயன் கூடும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு வேண்டாம். கழுத்தின் முன்புறம், கர்ப்பிணியின் வயிறு, புண், உணர்வற்ற தோல் ஆகிய இடங்களில் ஒட்டக் கூடாது.